கலுவேலா வளைவு

எங்கள் பகுதியில் சாலைக்குத் தார் போடத் தொடங்கிய மறுநாள் காலை, அதில் காலடித் தடங்கள் பதிந்திருந்தன. பெரும்பாலும் வெறுங்கால்கள், எல்லாம் தெற்கு நோக்கி. பெரிய பாதம், சின்னப் பாதம், ஊன்றுகோல் குத்திய குழி, ஆட்டுக் குளம்பு, ஓரிடத்தில் தள்ளுவண்டி ஒன்று கோணலாகப் போன கோடு. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. சீனர்கள் ரோலரைக் கொண்டுவந்து மேலே ஓட்டினார்கள். சாலை சாணி மெழுகிய தரை மாதிரி வழுவழுவென்று ஆனது. அடுத்த நாள் விடிந்தபோது தடங்கள் அதே இடத்தில், அதே விரல்களோடு மறுபடி இருந்தன. அந்த வருஷம் மக்காச்சோளம் நன்றாக விளைந்திருந்தது. கருவாடு மட்டும் விலை ஏறியிருந்தது.

உள்நாட்டுச் சண்டை நின்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. சமாதானம் வந்ததும் முதலில் கண்ணிவெடி எடுப்பவர்கள் வந்தார்கள், பிறகு பாதிரியார்கள், பிறகு சீனர்கள். அவர்கள் எங்கள் ஊர் கலுவேலாவுக்கு வெளியே ஆற்றங்கரையில் தகரக் கொட்டகை போட்டு, சுற்றிலும் வேலி கட்டி, வேலிக்குள் முட்டைக்கோஸ் பயிரிட்டார்கள். விடியுமுன் எழுந்து இருட்டும்வரை உழைத்தார்கள். ஒருவருடனும் பெண்டாட்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட நடனத்துக்குப் போவதில்லை. எந்த மனுஷனும் இஷ்டப்பட்டு இப்படி வாழமாட்டான், ஆகையால் இவர்கள் தண்டனையாக அனுப்பப்பட்ட கைதிகள்தான் என்று ஊர் தீர்மானித்தது. மேஸ்திரி பெங் எல்லாருக்கும் முன்னால் எழுந்ததால் அவர்மேல் கொலைக் கேஸ் இருப்பதாகச் சொன்னார்கள். பெங் ஒரு கோழியைக்கூட அடித்தவரில்லை. ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, எப்போதும் தோளில் ஒரு துண்டு. மூன்று தேசங்களில் ரோடு போட்டிருந்தார். அவர் போட்ட ரோட்டில் ஓடும் லாரியில் டீ டம்ளர் வைத்தால் ஒரு சொட்டுத் தளும்பாது என்பது அவருடைய ஒரே பெருமை. அந்தப் பெருமையில்தான் இப்போது ஊரே ஏறி நடந்திருந்தது.

ஊர்க்காரர்கள் வேண்டுமென்றே நடக்கிறார்கள் என்று பெங் நினைத்தார். கொட்டும்போது கொதிக்கிற சரக்கு அது, கால் வைத்தால் தோல் கழன்றுவிடும் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் வேறு எதை நினைப்பது? காவல் போட்டார். காவலாளிகள் யாரையும் பார்க்கவில்லை, காலையில் தடம் இருந்தது. கடைசியில் ஊர்க்காரர்களின் பாதங்களை அளந்து தடத்தோடு ஒப்பிட்டு ஆளைப் பிடிப்பது என்று முடிவு செய்து, தன் லாரி டிரைவர் லவுரிந்தோவை ஊருக்குள் அனுப்பினார். லவுரிந்தோ எங்கள் ஊர்ப் பையன்தான், இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். சீன மொழியில் முதலில் வசவுகளைக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து படிப்படியாக ஏறி மொழிபெயர்ப்பாளன் ஆனவன். நீளமாகச் சொன்னதைக் குட்டையாகச் சொல்வது அவன் பாணி. ஊர் நடுவில் நின்று, "மேஸ்திரி எல்லாரோட காலையும் அளக்கணுமாம்" என்று மட்டும் சொன்னான்.

அந்த வருஷங்களில் எங்கள் நாட்டில் வெளிநாட்டுக்காரன் எதையாவது அளந்தால் பின்னாலேயே ஒரு லாரி வரும். குழந்தைகளின் கையில் நாடா சுற்றி அளந்தார்கள், பால் பவுடர் வந்தது. கால் போனவர்களின் தொடையை அளந்தார்கள், கட்டைக்கால் வந்தது. இடிந்த சுவர்களை அளந்துவிட்டுப் போனார்கள், கூரைக்குத் தகரம் வந்தது. ஆகவே பாதம் அளக்கிறார்கள் என்றதும் ஊரே கால் கழுவிக்கொண்டு வந்து வரிசையில் நின்றது. பக்கத்து ஊர்களுக்கும் சேதி போய் அவர்களும் வந்தார்கள். செருப்புதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை, என்ன நிறம் என்பதில்தான் சண்டை.

"எனக்கு ரெண்டு செருப்பும் வேணும்" என்றார் ஒற்றைக்கால் மாத்தேயுஸ்.

"மாமா, இருக்கறது ஒரு காலு" என்றான் லவுரிந்தோ.

"இன்னொண்ணு என் மச்சானுக்கு. அவனுக்கு மத்தக் கால்தான் இருக்கு. அளவு ஒண்ணுதான், நாங்க ஒத்துப் பாத்தாச்சு."

பெங் மூங்கில் குச்சியில் குறி போட்டு அளந்துகொண்டே வந்தார். ஒரு பாதமும் எந்தத் தடத்தோடும் பொருந்தவில்லை. அவருக்கு வியர்த்தது. வரிசையோ நீண்டுகொண்டே போனது, யாரும் கலைவதாக இல்லை.

அப்போதுதான் எர்மெலிந்தாவின் முறை வந்தது. நாற்பதை நெருங்கும் பெண், தன் அண்ணன் செவரினோவின் வீட்டில் இருந்தாள். தன் காலை அளந்து முடித்ததும் அவள் நகரவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செம்மண்ணில் விரலால் ஒரு சின்னப் பாதம் வரைந்தாள். குதிகால், வளைவு, ஐந்து விரல்கள். சுண்டுவிரல் மட்டும் பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது.

"இது எம்மவளுது. இதுக்கும் ஒரு ஜோடி போடச் சொல்லு."

லவுரிந்தோ அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான். "அக்கா, புள்ளயக் கூட்டிட்டு வந்தாத்தான் அளப்பாங்க."

"வருவா. நீ அளவ எடு."

வரிசையில் நின்ற எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். பதின்மூன்று வருஷத்துக்கு முன் ஹுவாம்போ நகரத்தின் மேல் வாரக்கணக்கில் குண்டு விழுந்தபோது, அங்கே காய்கறி விற்றுப் பிழைத்த எர்மெலிந்தா, ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்களோடு ஜனமாக இந்த ரோட்டில்தான் தெற்கே ஓடினாள். கலுவேலாவும் காலியாகிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவள் முதுகில் மாவு மூட்டையைக் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது. இறுக்கிக் கட்டுவதற்காகப் பிள்ளையின் கையை விட்டாள். கட்டி முடித்துக் கையை நீட்டியபோது பிள்ளை இல்லை. திரும்பி நடக்கப் பார்த்தாள். கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டே போய்க் கடற்கரையில் விட்டது. மகளின் பெயர் சிலோம்போ. வழிப்பயணத்தில் பிறந்த பெண்ணுக்கு எங்கள் பக்கம் வைக்கிற பெயர் அது. அகதி முகாமில் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுத்தபோதும், சமாதானம் வந்து விதைக்குப் பெயர் கொடுத்தபோதும் எர்மெலிந்தா இரண்டு பேர் என்றே சொல்லிவந்தாள். செருப்பு விஷயத்தில் மட்டும் ஏன் மாற்றிச் சொல்லவேண்டும்?

பெங் அந்த மண் பாதத்தைக் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு எர்மெலிந்தாவின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, சாலையைப் பார்க்க நடந்தார். குற்றவாளியைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து ஊர் பின்னாலேயே ஓடியது. தினம் தினம் ரோலரை ஓட்டி அழித்து, அந்தத் தடங்களை அவர் தன் உள்ளங்கை மாதிரி அறிந்திருந்தார். நேராக ஒரு சின்னத் தடத்தின் பக்கத்தில் போய் நின்று துண்டால் அதன் மேலிருந்த தூசியைத் தட்டினார். சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறியிருந்தது. எர்மெலிந்தா தாரின் மேல் விழுந்து அதில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு தடமாகத் தவழ்ந்து போய்த் தொட்டாள். சிலோம்போவின் வலப்பக்கம் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குத் தார் சுத்தமாக இருந்தது. "இது என் எடம். இந்தப் பக்கந்தான் நான் கையப் புடிச்சிருந்தேன்" என்றாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஓடியவர்கள் எல்லாருடைய தடமும் அதில் இல்லை. இன்னும் திரும்பி வராதவர்களுடையது மட்டும்தான் இருந்தது.

பெங்கிடம் லவுரிந்தோ இதை இரண்டே வார்த்தையில் சொன்னானாம். என்ன வார்த்தைகள் என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு பெங் தடங்களின் மேல் ரோலரை ஓட்டவில்லை. அளந்த பாவத்துக்கு எல்லாருக்கும் நீல நிற ரப்பர் செருப்பு வரவழைத்துக் கொடுத்தார். மாத்தேயுஸும் மச்சானும் ஒரே ஜோடியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மண்ணில் வரைந்த பாதத்துக்கும் ஒரு சின்ன ஜோடி வந்தது.

தார் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் தடங்களும் போகும். எனவே ஊர் சாலையோடு கூடவே நடக்கத் தொடங்கியது. தினமும் காலையில் முந்தின நாள் போட்ட பகுதியைச் சுற்றி ஜனங்கள் குனிந்து நின்றார்கள். அண்ணனின் கோணல் பெருவிரல், மாமியாரின் வெடித்த குதிகால் என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். சில தடங்கள் ஓரத்தில் இறங்கிப் புதருக்குள் போயின. சில நடுச்சாலையிலேயே நின்றுபோயின. நின்றுபோனதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. அந்தந்த இடத்தின் ஓரத்தில் வீட்டார் கூடி நெருப்பு மூட்டி உட்கார்ந்து அழுதார்கள், முறைப்படி நாள் முடிந்ததும் சாம்பலைக் கூட்டித் தள்ளி எழுந்தார்கள். பல வருஷம் அழாமல் வைத்திருந்ததை அழுதபடியால் ஊரில் தூக்கம் நன்றாக வந்தது. சீனத் தொழிலாளிகள் அந்த நெருப்புகளைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள், புகை கண்ணில் பட்டால் துடைத்துக்கொண்டார்கள். கைதிகள் என்று சொல்வதை ஊர் அந்த மாதத்தோடு நிறுத்தியது.

செவரினோ தங்கையைத் தேடி சாலைக்கே வந்தான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"தங்கச்சி, நான் உனக்கு எதிரியா? சாவு சொல்லி அழாத புள்ள வீட்டச் சுத்திக்கிட்டே இருக்கும். என் சின்னவனுக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது. மழைக்கு முன்னாடி சிலோம்போவுக்கும் நெருப்ப மூட்டிச் சாம்பலத் தள்ளிரலாம். சொந்தக்காரங்களுக்குச் சொல்லிட்டேன்."

"ரோடு போயி முடியட்டும் அண்ணே."

"ரோடு லுபாங்கோ பட்டணம் வரைக்கும் போவுது!"

"அப்ப லுபாங்கோ வரைக்கும் போவட்டும்."

"மழை வரைக்குந்தான் தங்கச்சி. அதுக்கு மேல நான் பொறுத்தாலும் மத்தவங்க பொறுக்க மாட்டாங்க."

அதிலிருந்து எர்மெலிந்தா வீட்டுக்குப் போவதையே விட்டாள். தார் போடுகிறவர்களுக்குச் சோளக்களி கிண்டிக் கொடுத்துக்கொண்டு சாலையோடு போனாள். முதலில் களியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் பிறகு அதில் தங்கள் மிளகாய் எண்ணெயை ஊற்றிக்கொண்டு இரண்டாம் முறை கேட்டார்கள். சாலை ஊரைத் தாண்டியது. சிலோம்போவின் வலப்பக்கத்துச் சுத்தமான இடம் ஒரு காலையில் மறைந்தது. கை விட்டுப்போன அந்த இடத்தில் சின்னப் பாதங்கள் நின்று, வட்டமாகச் சுற்றி, மறுபடி நின்று, மறுபடி சுற்றியிருந்தன. எர்மெலிந்தா அன்று முழுக்க அந்த வட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேலை அவளைத் தாண்டிப் போக, பெங் தன் குடையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அந்த வட்டத்துக்கு அப்பால் ஒரு ஜோடி பூட்ஸ் தடம் வந்து சேர்ந்திருந்தது. பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

"பட்டாளத்துக்காரன்."

"எந்தக் கட்சி பூட்ஸு?"

"ரெண்டு கட்சியும் ஒரே எடத்துலதான் வாங்குனானுங்க. எதப் பாத்துச் சொல்றது?"

அங்கிருந்து சின்னப் பாதங்கள் இல்லை. பூட்ஸ் மட்டும் போனது, ஆனால் முன்பைவிட ஆழமாக, குதிகால் அழுந்தி. பிள்ளையைத் தூக்கியிருக்கிறான். ஏன் தூக்கினான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளைத் தூக்கிப் போனவர்கள் எதற்காகத் தூக்கிப் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எர்மெலிந்தாவுக்கும் தெரியும். அவள் அன்றைக்குக் களி கிண்டவில்லை.

இந்த நேரத்தில்தான் கோளாறு வந்தது. பழைய சாலை அங்கிருந்து சமதரையில் காரணமே இல்லாமல் பெரிதாக வளைந்து, எரிந்துபோன சிவாண்டா மிஷன் பக்கமாகச் சுற்றிப் போகும். பாதிரியார்கள் காலத்தில் அவர்களுக்காகப் போட்ட வளைவு. புது வரைபடத்தில் அந்த வளைவு கிடையாது; புல்வெளிக்கு நடுவே கோடு கிழித்த மாதிரி நேராக வெட்டியிருந்தார்கள். கம்பெனிக்கு ஏகச் சந்தோஷம். தடம் விழுந்த ரோட்டைத் தலைநகரிலிருந்து வரும் கண்காணிப்பு எஞ்சினியர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்று அவர்கள் கலங்கிப்போயிருந்தார்கள். நேர்ப்பாதையில் யாரும் எந்தக் காலத்திலும் ஓடியதில்லை. அங்கே தார் சுத்தமாக இருக்கும். பெங் முளைக்குச்சிகளை நேராக அடிக்கத் தொடங்கினார். வாழ்நாளில் அவர் அடித்த குச்சிகளிலேயே நேரானவை அவை.

எர்மெலிந்தா நீலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"லவுரிந்தோ, இதத் திருப்பி எடுத்துக்கச் சொல்லு. நேரா போற ரோட்டுல எம்மவ நடக்கல. நடக்காத புள்ளைக்குச் செருப்பு எதுக்கு? எங்கண்ணன்கிட்டப் போறேன். நெருப்ப மூட்டிக்கட்டும்."

"மேஸ்திரி, அவங்களுக்குச் செருப்பு வேண்டாமாம்" என்றான் லவுரிந்தோ.

பெங் செருப்பை வாங்கவில்லை. அவள் நீட்டிய கையையும், அதற்குப் பின்னால் தார் முடிகிற இடம்வரை வந்திருந்த ஆழமான பூட்ஸ் தடங்களையும் பார்த்தார். மறுநாள் காலை குச்சிகள் எல்லாம் பிடுங்கப்பட்டுப் பழைய வளைவில் நடப்பட்டிருந்தன. அவரேதான் நட்டார், யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

"மேஸ்திரி, இந்த வளைவுல டீ தளும்புமே" என்றான் லவுரிந்தோ.

"தளும்பட்டும்" என்றார் பெங். அவர் எங்கள் மொழியில் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

நேர்ப்பாதையில் சதுப்பு, மண் தாங்காது என்று கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். வறண்ட குளிர்காலம், தரை பாறை மாதிரி இருந்தது. கண்காணிப்பு எஞ்சினியர் சர்மென்டோ, போர்த்துக்கீசியர், தாமே பார்க்க வந்துவிட்டார். இரும்புக் கம்பியை ஓங்கிக் குத்தினார். கம்பி எகிறி அவர் கையை உதறவைத்தது. காலால் உதைத்தார், தூசி எழும்பி அவர் கண்ணாடியை மூடியது. "எங்கய்யா சதுப்பு?" என்றார். பெங் முகமெல்லாம் புழுதியோடு, "இங்கதான்" என்றார். சர்மென்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தபோது, தார் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் அந்த வட்டத்தைக் கண்டார். சின்னப் பாதங்கள் சுற்றிச் சுற்றி நின்ற இடம். அதன் பக்கத்தில் செருப்போடு உட்கார்ந்திருந்த எர்மெலிந்தாவையும் கண்டார். அவர் அங்கே தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் நின்றார். எஞ்சினியர்களிலும் மனுஷர்கள் உண்டு. திரும்பி வந்து, "சதுப்புதான். ஆழமான சதுப்பு. ரோட்ட வளைச்சுத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்த நிலம் அடுத்த மழையிலிருந்து நிஜமாகவே சதுப்பாகிவிட்டது. நாணல் முளைத்தது, தவளைகள் வந்தன. இப்போது அங்கே வாத்து மேய்க்கிறார்கள்.

தார் வளைவில் திரும்பியது, பூட்ஸும் கூடவே திரும்பியது. மிஷனுக்குப் பிரியும் மண்பாதையில் தடம் சாலையை விட்டு இறங்கியது. வரைபடத்தில் அந்தப் பாதை இல்லை. பெங் ஒவ்வொரு நாளும் மிஞ்சிய சரக்கை அங்கே கொட்டி, ஆட்களோடு மண்வாரியால் பரப்பினார். கண்ணிவெடி எடுத்து முடித்ததற்கு அடையாளமாக வெள்ளைக் கல் வைத்த அகலம்வரை. பூட்ஸ் நிற்காமல் நேராக மிஷன் வாசலுக்குப் போயிருந்தது. கதவு இருந்த இடத்தில் ஒரு ஜோடி சின்னப் பாதம் இறக்கிவிடப்பட்டு, உள்ளே பார்த்தபடி நின்றிருந்தது. எர்மெலிந்தா வாய்விட்டுக் கத்தினாள். "எறக்கி விட்டுட்டான்! கொண்டாந்து விட்டுட்டான்யா!" என்று வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கினாள். பூட்ஸ் தடம் திரும்பிச் சாலையைப் பார்த்துக் கொஞ்ச தூரம் வந்திருந்தது. இப்போது ஆழமில்லாத, இலேசான தடம். பிறகு நடுப்பாதையில் நின்றுபோயிருந்தது.

பெங் மிஷனில் முன்பு அநாதைப் பிள்ளைகள் தூங்கிய கூரையில்லாத கூடத்தின் தரைக்கும் தார் போட்டார். கம்பெனி எதற்கு என்று கேட்டதற்குச் சாமான் வைக்க என்றார். அந்தத் தரையில் சிலோம்போ வளர்ந்தாள். ஒவ்வொரு நாள் காலையும் தடம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஒரு நாள் குதித்திருந்தாள். ஒரு நாள் மற்றப் பிள்ளைகளோடு வட்டமாக ஆடியிருந்தாள். ஒரு நாள் ஒரு காலை விந்தி விந்தி நடந்திருந்தாள். எர்மெலிந்தா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விந்தல் சரியானது. தான் பார்க்காத வருஷங்களை அவள் ஒரு மாதத்துக்குள் பார்த்தாள். அவ்வப்போது செருப்பைக் கொண்டுபோய் நீட்டுவாள், பெங் அடுத்த அளவு எடுத்துக் கொடுப்பார். கடைசியில் ஒரு காலையில், கிட்டத்தட்ட பெரிய பெண்ணின் பாதங்கள் மற்ற பிள்ளைகளின் பாதங்களோடு பின்வாசல் வழியாக ஓடி வெளியே புல்லில் இறங்கியிருந்தன. இடையில் நின்று மறுபடி மூண்ட சண்டையில் மிஷன் எரிந்த நாள் அது என்று எங்களுக்குப் புரிந்தது. புல்லுக்கு அப்பால் வெள்ளைக் கல் இல்லை. பெங் கண்ணிவெடிப் பலகையைப் பார்த்தபடி மண்வாரியோடு நின்றார்.

"போதும்யா" என்றாள் எர்மெலிந்தா. "ஓடுற காலு அது, நின்ன காலு இல்ல. இனிமே அவளே வருவா."

மழைக்கு முன்னால், செவரினோ குறித்த நாளிலேயே நெருப்பு மூட்டினார்கள். ஆனால் வீட்டில் இல்லை, மிஷன் பாதையில், பூட்ஸ் நின்றுபோன இடத்தில்.

"பேரு தெரியாதவனுக்கு என்ன சொல்லி அழறது தங்கச்சி? எந்தக் கட்சின்னுகூடத் தெரியாது."

"எம்மவளத் தூக்குனவன்னு சொல்லி அழு அண்ணே. அது போதும்."

அந்தப் பட்டாளத்தில் இருந்தவர்களும் வந்தார்கள், இந்தப் பட்டாளத்தில் இருந்தவர்களும் வந்தார்கள். அவர்கள் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தது அதுவே முதல் முறை. இரண்டு பக்கத்தவரும் அவன் தங்கள் ஆள்தான் என்று சாதித்தார்கள். நாங்கள் அதற்குச் சண்டை போடவில்லை. பெங் ஒரு கூடை முட்டைக்கோஸோடு வந்து, தன் பூட்ஸைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். சாம்பலைக் கூட்டித் தள்ளிய பிறகு செவரினோவின் சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது. சாலை தெற்கே போனது, பெங்கும் அதோடு போனார். அப்புறம் வேறொரு தேசத்தில் ரோடு போடப் போய்விட்டதாக லவுரிந்தோ சொன்னான். கம்பெனிக்காரர்கள் அவரை அந்த வளைவுக்காக ரொம்ப நாள் கேலி செய்தார்களாம்.

எர்மெலிந்தா மிஷனிலேயே தங்கிவிட்டாள். ஒரு மூலைக்குத் தகரம் போட்டுக்கொண்டு, வளைவில் வேகவைத்த மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் விற்றாள். பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன. வளைவில் எல்லா டிரைவர்களும் மெதுவாகப் போனார்கள், தடத்தின் மேல் வேகமாக ஏற்ற யாருக்கும் மனசு வரவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் லுபாங்கோவிலிருந்து வந்த பஸ் ஒன்று அப்படி மெதுவானபோது, முதுகில் கைக்குழந்தையோடு இருந்த ஓர் இளம்பெண் ஜன்னல் வழியே எரிந்த சுவரைப் பார்த்துவிட்டு, நிறுத்துங்கள் என்று எழுந்தாள். மீன் விற்கிறவள், ஹுவாம்போவில் வியாபாரம் எப்படி என்று பார்க்க, பல வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக அந்தப் பக்கம் வருகிறாள். ரோடு நேராகப் போயிருந்தால் அந்தச் சுவர் அவள் கண்ணில் பட்டே இருக்காது. இறங்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தவள், சோளம் விற்கிறவளிடம் கேட்டாள்.

"அம்மா, இது சிவாண்டா மிஷன்தானே? நான் சின்னதுல இங்கதான் இருந்தேன். ஒரு பட்டாளத்துக்காரர் கொண்டுவந்து விட்டாரு."

எர்மெலிந்தா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"செருப்பக் கழட்டு."

"எதுக்கும்மா?"

"கழட்டுன்னு சொல்றேன்ல."

அவள் கழற்றினாள். சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. எர்மெலிந்தா அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விட்ட அழுகையில், முதுகிலிருந்த குழந்தை விழித்துக்கொண்டு அதுவும் அழுதது. பஸ் வெகுநேரம் கிளம்பவில்லை. பயணிகள் எல்லாரும் இறங்கி நின்று பார்த்தார்கள், டிரைவர் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓசியில் ஒரு சோளம் தின்றார். அப்புறம் எர்மெலிந்தா உள்ளே போய்ச் சுவரில் தொங்கிய நீலச் செருப்பை எடுத்து வந்தாள். அளவு கொஞ்சம் சிறியதாகப் போயிருந்தது. சிலோம்போ அதையே போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை சாலையில் அவளுடைய தடங்கள் இல்லை. ஹுவாம்போ பக்கமிருந்து வளைவுவரை, கூடத்தின் தரைவரை, அவள் நடந்த இடமெல்லாம் தார் சுத்தமாக இருந்தது. மற்றவர்களுடையவை இருந்தன, இன்றும் இருக்கின்றன. சாலைத்துறை ஆட்கள் வருஷாவருஷம் வந்து பள்ளங்களை அடைக்கிறார்கள், தடங்களை அடைப்பதில்லை. அது வீண் செலவு என்று அவர்களுக்குத் தெரியும். பூட்ஸ் தடமும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் வட்டத்திலிருந்து மிஷன் வாசல்வரை அழுந்தியிருந்த ஆழம் மட்டும் அன்றைக்குக் குறைந்துவிட்டது. இப்போது அது வெறுங்கையோடு நடந்து போகிறவனின் தடம்.